கப்பல் எங்கேன்னு மட்டும் கேட்கக் கூடாது!

வீட்டு வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்குகிறது. பிரித்துப் பார்த்தால், பிள்ளை கிளம்பிப்போன அன்று போட்டிருந்த ஜீன்ஸ், டி-ஷர்ட், ஷூ. துவைக்காமல் அப்படியே சுருட்டி வைத்திருக்கும். அமெரிக்கக் கடற்படையில் பிள்ளையைச் சேர்த்த அம்மாக்களிடம், 'எந்த நாளில் ரொம்ப அழுதீங்க?' என்று கேட்டால் பலர் சொல்வது வழியனுப்பிய நாளை அல்ல. இந்தப் பெட்டி வந்த நாளைத்தான்.

சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் கிரேட் லேக்ஸ் என்று ஓர் இடம். கடற்படையில் அதிகாரியாக அல்லாமல், வீரராகச் சேரும் அத்தனை பேருக்கும் அடிப்படைப் பயிற்சி அங்கேதான். (கடற்படைப் பயிற்சிதான், ஆனால் பக்கத்தில் கடல் கிடையாது!) போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, வீட்டிலிருந்து போட்டு வந்த துணியைக் கழற்றிவிட்டுச் சீருடைக்கு மாறுவது. கழற்றிய துணி பெட்டியில் அடைபட்டு வீட்டுக்குத் திரும்பி வருவது வழக்கம். 'நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன்' என்று அவசரமாக ஒரு போன் வரும். அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் கடிதமும், எண்ணி எடுத்த சில அழைப்புகளும்தான்.

நேற்றுவரை 'சாப்பிட்டியா, எங்கே இருக்கே' என்று நாளுக்கு நாலு தடவை மெசேஜ் போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குத் திடீரென்று ஒன்றுமே இல்லை. பெட்டியைப் பிரித்துவைத்துக்கொண்டு அழுதால், வீட்டில் இருப்பவர்கள் 'பழைய சட்டைதானே, இதுக்கா?' என்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அந்தப் பெட்டியைப் பிரித்தவருக்குத்தான் அது புரியும்.

அப்படிப் பிரித்தவர்கள் சேர்ந்து உருவாக்கியவைதான் கடற்படை அம்மாக்கள் குழுக்கள். அமெரிக்காவில் ஊருக்கு ஊர், மாநிலத்துக்கு மாநிலம் இருக்கின்றன. சர்ச் ஹாலிலோ, முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கட்டடத்திலோ, ஒரு ஓட்டலில் மேஜைகளைச் சேர்த்துப்போட்டோ மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஒரே தேதியில் பயிற்சி முடிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் தனியாக ஒரு குரூப் வைத்துக்கொள்வதும் உண்டு. 'பெட்டி வந்துடுச்சு' என்று ஒருவர் எழுதினால் போதும், விளக்கமே வேண்டாம்.

ஃபேஸ்புக் வந்தபிறகு முளைத்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1930-லேயே டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய மெக்காலன் என்ற ஊரில் எம்மா ஜோன்ஸ் என்ற தாய் கடற்படை அம்மாக்களுக்கென்று ஒரு கிளப் ஆரம்பித்தார். அது பிறகு நாடு முழுக்கக் கிளைவிட்டது. 1942 ஜனவரியில், பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தபோது, மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில் ஜார்ஜ் மெய்ன்ஸ் என்ற கேப்டன் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு கூப்பன் வெளியிட்டார். பிள்ளையைப் படைக்கு அனுப்பிய அம்மாக்கள் நிரப்பி அனுப்பவேண்டிய கூப்பன். 600 பேர் அனுப்பினார்கள். பிப்ரவரி 1-ம் தேதி ட்யூரன்ட் ஓட்டலில் 300 அம்மாக்கள் கூடினார்கள். இன்றும் இயங்குகிற 'புளூ ஸ்டார் மதர்ஸ்' அமைப்பின் தொடக்கம் அது. படையில் ஒரு பிள்ளை இருந்தால், ஜன்னலில் ஒரு நீல நட்சத்திரக் கொடி. பிள்ளை உயிரோடு திரும்பாவிட்டால் அந்த நட்சத்திரம் தங்க நிறமாகும். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது.

இந்தக் குழுக்களில் அம்மாக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பெரிய விஷயம் ஆறுதல் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது, எதைப் பேசக் கூடாது என்பதை. அது ஏன் என்று புரிய, ஒரு பழைய கடிதத்தைப் பார்க்கவேண்டும்.

ஒரு தாய் கொண்டுவந்த சேதி

அயோவா மாநிலம் வாட்டர்லூ நகரைச் சேர்ந்தவர் அலெட்டா சல்லிவன். கணவர் தாமஸ் ரயில்வே ஊழியர். ஜார்ஜ், ஃப்ராங்க், ஜோ, மேட், ஆல்பர்ட் என்று ஐந்து பிள்ளைகள். ஐந்து பேருமே கடற்படையில் சேர்ந்தார்கள், ஒரே கப்பலில்தான் இருப்போம் என்று அடம்பிடித்து. கப்பலின் பெயர் ஜூனோ. 1942 நவம்பர் 13-ம் தேதி, குவாடல்கனால் தீவுக்கு அருகே டார்பிடோ தாக்கி அது மூழ்கியது.

அதிகாரபூர்வத் தகவல் எதுவும் வரவில்லை. பிள்ளைகளிடமிருந்து வரும் கடிதங்கள் மட்டும் நின்றுபோயின. 1943 ஜனவரியில் அலெட்டா கடற்படைக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் இன்றும் அது இருக்கிறது. ஊரில் உள்ள இன்னொரு தாய் வீட்டுக்கு வந்ததாகவும், படையில் இருக்கும் தன் மகன் எழுதிய கடிதத்தில் சல்லிவன் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரும் இறந்துவிட்டதாகச் செய்தி இருந்ததாக அவர் சொன்னதாகவும், இப்போது ஊரெல்லாம் அதே பேச்சு என்றும் அலெட்டா எழுதுகிறார். என்னவாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்கிறார்.

அந்த இன்னொரு தாயை நினைத்துப் பாருங்கள். கையில் மகன் கடிதம். அதில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் சாவு. சொல்வதா, மறைப்பதா? கெட்ட எண்ணத்தில் அவர் போகவில்லை. நாமாக இருந்தாலும் போயிருப்போமோ என்னவோ.

சில நாளில், ஜனவரி 12-ம் தேதி காலை, தாமஸ் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கடற்படைக்காரர்கள் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். எந்தப் பிள்ளை என்று தாமஸ் கேட்டார். ஐந்து பேரும் என்றார்கள். கடைக்குட்டி ஆல்பர்ட்டுக்கு வயது 20, அவருக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

அன்றைக்கும் தாமஸ் ரயில் வேலைக்குப் போனார். அதே வருஷம் ஏப்ரலில் பிள்ளைகளின் பெயரில் 'தி சல்லிவன்ஸ்' என்ற புதிய போர்க்கப்பலை அலெட்டா தன் கையால் பெயர்சூட்டிக் கடலில் இறக்கிவைத்தார். அதே பெயரில் இரண்டாவதாகக் கட்டிய கப்பல் 1997 முதல் பணியில் இருக்கிறது.

வாயைக் கட்டும் வித்தை

அம்மாக்கள் குழுவில் புதிதாகச் சேருபவருக்குச் சொல்லும் முதல் விதி, கப்பல் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது, எப்போது துறைமுகத்துக்கு வரும் என்று எதையும் எழுதக் கூடாது என்பது. மகன் ஆசையாகச் சொன்னதாக இருந்தாலும் கூடாது. 'இன்னும் பன்னிரண்டு நாள்ல வந்துடுவான்' என்று எண்ணிக்கைகூடப் போடக் கூடாது. பத்து அம்மாக்கள் தனித்தனியாகச் சொல்லும் சின்னச் சின்னத் தகவல்களைச் சேர்த்தால் ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் கப்பலின் பாதை தெரிந்துவிடும் அல்லவா?

இரண்டாவது, 'ரிவர் சிட்டி'. ஏதோ ஊர் பெயர் இல்லை. கப்பலிலிருந்து வெளியே போகும் இமெயில், போன் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும்போது கடற்படை பயன்படுத்தும் சங்கேதச் சொல். ரகசியமான நகர்வு, விபத்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். திடீரென்று ஐந்து நாள் மெசேஜ் வராவிட்டால் புது அம்மா பதறிப்போவார். பழைய அம்மா, 'எனக்கும் வரல, என் பையனும் அதே கப்பல்தான். ரிவர் சிட்டியா இருக்கும், தூங்குங்க' என்பார். 'எனக்கும் வரல' என்பது அங்கே நல்ல சேதி!

நீர்மூழ்கிக் கப்பல் என்றால் இன்னும் மோசம். இமெயில் வருவதற்கு முந்தைய காலத்தில், அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகளில் இருந்தவர்களுக்குக் குடும்பத்திடமிருந்து சுமார் நாற்பது சொல்லுக்குள் ஒரு சேதி போகும். பயணம் முழுக்க அப்படிச் சிலதான். பதில் அனுப்ப வழி கிடையாது. நாற்பது சொல்லில் எதை எழுதுவார் ஓர் அம்மா? மழை பெய்ததையா, பாட்டிக்கு உடம்பு சரியில்லாததையா?

மூன்றாவது விதிதான் சல்லிவன் வீட்டுக் கதையிலிருந்து நேராக வருவது. மரணச் செய்தியை நம் வாயால் சொல்லக் கூடாது. இன்று கடற்படையில் அந்தச் செய்தியைச் சீருடை அணிந்த ஒருவர் நேரில் போய்த்தான் சொல்கிறார். குடும்பத்துக்குச் சொல்லி 24 மணி நேரம் ஆகும்வரை பெயரை வெளியிடுவதில்லை.

2017 ஜூன் 17-ம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, ஜப்பான் கரைக்கு அருகே 'ஃபிட்ஸ்ஜெரால்டு' என்ற போர்க்கப்பல் மீது சரக்குக் கப்பல் ஒன்று மோதியது. வீரர்கள் தூங்கிக்கொண்டிருந்த அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஏழு பேரைக் காணவில்லை என்றுதான் முதலில் செய்தி. கப்பல் யோகோசுகா துறைமுகம் திரும்பியபின், அந்த அறைக்குள் அவர்களின் உடல்கள் கிடைத்தன. இடையில் இருந்த அந்த மணி நேரங்களில், அமெரிக்காவில் தொலைக்காட்சியில் கப்பலின் நசுங்கிய பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சுமார் முந்நூறு வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 21-ம் தேதி, சிங்கப்பூர் அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து பேர் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் மகனிடமிருந்து 'நான் நல்லாயிருக்கேன்மா' என்று மெசேஜ் வந்த அம்மா, அதை உடனே குரூப்பில் போடலாமா? இன்னும் மெசேஜ் வராத இன்னொரு அம்மா அதைப் படித்துக்கொண்டிருப்பாரே! சந்தோஷத்தையும் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது லேசான காரியம் இல்லை.

அம்மா என்றால் யார்?

இன்னொரு சங்கடம், அரசாங்கக் காகிதம். 1970-ல் அட்மிரல் எல்மோ ஜும்வால்ட் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொரு கப்பலுக்கும் குடும்பத்தினருக்கும் நடுவே தகவல் சொல்ல 'ஆம்புட்ஸ்மன்' என்று ஒருவர். பெரும்பாலும் அங்கே பணிபுரியும் ஒருவரின் மனைவியே தன்னார்வமாகச் செய்வார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'என் பெற்றோருக்கும் தகவல் கொடுங்கள்' என்று பிள்ளை பதிவு செய்து வைத்தால்தான் அம்மாவுக்குச் சேதி வரும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்? 17 வயதில் சேருவதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். 18 ஆகிவிட்டால் அம்மா வெளியாள். பயிற்சி முடிந்து முதல்தடவை பேசும்போதே அந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள் என்று குழுக்களில் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

வெளியாளாக நிற்க மறுத்த ஒரு தாயும் உண்டு. டெரி கசெர்ட்டாவின் மகன் பிராண்டன், வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்கில் கடற்படை ஹெலிகாப்டர் பிரிவில் இருந்தவர். 2018-ல், 21 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். டெரியும் அவர் கணவர் பேட்ரிக்கும் வருஷக்கணக்கில் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்து மன்றாடியதன் விளைவு, மகன் பெயரிலேயே 'பிராண்டன் சட்டம்'. 2021 டிசம்பரில் நிறைவேறியது. படையில் இருக்கும் எவரும், காரணம் சொல்லாமல், எந்த நேரத்திலும் மனநலப் பரிசோதனை கேட்கலாம். மேலதிகாரி அதை ரகசியமாக ஏற்பாடு செய்துதர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். சட்டம் வந்த சில மாதத்திலேயே, 2022 ஏப்ரலில், பழுதுபார்ப்புக்காகக் கரையில் நின்றிருந்த 'ஜார்ஜ் வாஷிங்டன்' விமானம் தாங்கிக் கப்பலைச் சேர்ந்த மூன்று பேர் ஒரே வாரத்துக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடலில் இருக்கும்போதுதான் ஆபத்து என்று நினைத்திருந்த அம்மாக்களின் கணக்கு அன்றைக்கு மாறியது. போனில் பிள்ளையின் குரல் மாறியிருந்தால், சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பதோடு நிறுத்தாமல் நேராகவே கேட்டுவிடுவது நல்லது. (நம்மூரில் இந்த உதவிக்கு 14416 என்ற டெலி-மனஸ் எண் 24 மணி நேரமும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.)

நம் பிள்ளைகளும் போகிறார்கள். இந்தியக் கடற்படையின் அக்னிவீரர்களுக்குப் பயிற்சி ஒடிசாவில், சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில். (அங்கேயும் ஏரிதான், பாருங்கள்!) முதல் அணி 2023 மார்ச் 28-ம் தேதி, சூரியன் மறைந்தபிறகு விளக்கொளியில் அணிவகுத்து வெளியே வந்தது. பெண் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

கிரேட் லேக்ஸில் அந்தக் கடைசிச் சோதனை ஒரு ராத்திரி முழுக்க நடக்கும். கட்டடத்துக்குள்ளேயே கட்டி வைத்திருக்கும் ஒரு மாதிரிக் கப்பலில் தீ, வெள்ளம் எல்லாவற்றையும் சமாளிக்கவேண்டும். விடிந்ததும் 'ரெக்ரூட்' என்று எழுதிய தொப்பியைக் கழற்றிவிட்டு 'நேவி' என்று எழுதிய தொப்பி கொடுப்பார்கள். பிறகு வீட்டுக்கு ஒரு போன். 'அம்மா, நான் மாலுமி ஆயிட்டேன்.' அதற்காகச் செல்போனைக் குளியலறைக்கும் எடுத்துப்போகும் அம்மாக்கள் உண்டு.

பிறகு வருவது பார்சல் காலம். கப்பல் உலகில் எந்த மூலையில் இருந்தாலும் படையின் தபால் முகவரிக்கு உள்நாட்டுக் கட்டணம்தான். பெட்டி நிறைய சாக்ஸ், ஈரத்துணித் தாள், பீஃப் ஜெர்க்கி, வீட்டு பிஸ்கட். சாக்லேட் போடாதீர்கள், வெயில் நாடுகள் வழியாகப் போனால் உருகி மற்றதெல்லாம் பாழ் என்பது அனுபவப்பட்டவர்கள் சொல்லும் பாடம். வீட்டிலிருந்து கடிதமே வராத பிள்ளைகள் ஒவ்வொரு கப்பலிலும் இருப்பார்கள் என்று, பெட்டியில் கூடவே இன்னொரு பங்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

காத்திருப்பு எத்தனை நாள் என்பது யாருக்கும் தெரியாது. 2019 ஏப்ரல் 1-ம் தேதி 'ஆபிரகாம் லிங்கன்' கப்பல் கிழக்குக் கரையில் நார்ஃபோக்கிலிருந்து கிளம்பியது. தேதி தள்ளிப்போய்த் தள்ளிப்போய், 295 நாள் கழித்து 2020 ஜனவரியில் மேற்குக் கரையில் சான் டியாகோவுக்கு வந்து சேர்ந்தது.

கப்பல் கரைக்கு வரும்போது முதல் முத்தம் மனைவிக்கோ காதலிக்கோ என்பது கடற்படை சம்பிரதாயம். அம்மா இரண்டடி தள்ளி நின்று படம் எடுக்கவேண்டியதுதான். ஆனால் அம்மா ஜெயிக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. 'டைகர் குரூஸ்' என்பார்கள். நீண்ட பயணம் முடிந்து திரும்பும்போது, கடைசிக் கட்டத்தில், உதாரணத்துக்கு ஹவாயிலிருந்து சான் டியாகோ வரை, வீரர்கள் தங்கள் குடும்பத்தில் ஒருவரைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளலாம். அம்மா, அப்பா, அண்ணன், தம்பி யாராகவும் இருக்கலாம். மனைவிக்கு மட்டும் அனுமதி இல்லை!

அம்மாவுக்கும் அதேபோன்ற படுக்கைதான் கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. நிமிர்ந்து உட்கார முடியாது, ஒரு திரைச்சீலைதான் கதவு. தலைக்குமேல் விமானம் இறங்கும் சத்தம். மகன் ஏன் ஒவ்வொரு கடிதத்திலும் நல்ல தலையணை கேட்டான் என்று அன்று ராத்திரி தெரியும்.