ஆய்வுத்தாளில் பிறந்த மாத்திரை

காரைக்காலில் நான் வசிக்கும் தெருவிலேயே என் பழைய மாணவர் ஒருவரும் வசிக்கிறார். 11 ஆண்டுகளாக நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் ஒரு மாத்திரை உட்கொள்கிறார். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியபோது குடும்பமே நிலைகுலைந்தது. இன்று கடைத்தெருவில் அவரைக் காண்போர் நோயாளி என்று நம்ப மாட்டார்கள். 'இவ்வளவு பெரிய நோய்க்கான மருந்து என்னைப் போன்றவன் வாங்கும் விலையில் எப்படி சார் கிடைக்கிறது?' என்று அண்மையில் கேட்டார். விலையைப் பற்றிய கேள்வி என்பதால் பொருளாதாரம் கற்பித்தவனிடம் வந்திருக்க வேண்டும். ஆனால், விடை உயிரணுவுக்குள் தொடங்குகிறது.

உயிரணுக்கள் தமக்கு வரும் செய்திகளுக்கேற்பப் பெருகுகின்றன அல்லது ஓய்கின்றன. அச்செய்திகளைக் கடத்துபவை புரதங்கள். ஒரு புரதத்தின் மீது பாஸ்பேட் ஒட்டப்படும்போது அது பெரும்பாலும் விழித்துக்கொள்கிறது; அகற்றப்பட்டால் அடங்குகிறது. அரசலாற்றின் கடைமடையில் வாழும் நமக்கு இது புரியாததல்ல. மதகு திறந்தால் நீர் பாயும், மூடினால் நிற்கும். திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் பயிர் மூழ்கும். புற்றுநோய்கள் பலவற்றில் நிகழ்வது அதுதான்.

அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் டோனி ஹன்டர் 1979-இல் ஒரு வைரஸின் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பயன்படுத்திய கரைசல் பழையது. அதன் அமிலத்தன்மை மாறியிருந்தது. புதிதாகத் தயாரிக்கச் சோம்பியதால், அதுவரை பிரித்தறிய முடியாதிருந்த ஒரு புள்ளி தனியே தெரிந்தது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீதும் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. உலகம் பயனடைந்த சோம்பல்கள் மிகச் சிலவே!

மற்றொரு திசையிலும் தேடல் நடந்தது. 1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்போர்டும் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோமைக் கண்டனர். 9, 22 ஆகிய எண்களுடைய குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதே காரணம் என்று 1973-இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த மாற்றத்தால் இரு மரபணுக்கள் ஒட்டி, பிசிஆர்-ஏபிஎல் என்ற புதிய புரதம் உருவாகிறது. டைரோசின்மீது பாஸ்பேட்டை ஓயாமல் ஒட்டிக்கொண்டேயிருப்பது அதன் இயல்பு. மூடாத மதகு அது.

இவை அனைத்தும் ஆய்விதழ்களில் வெளியானவை. பெரும்பாலும் பொதுப்பணத்தில் நடந்தவை. ஒருவர் படித்ததால் மற்றவருக்குக் குறையாத இத்தகைய அறிவைத்தான் வகுப்பறையில் பொதுப்பண்டம் என்று சொல்லிக்கொடுத்தேன். அதன்மீது நின்றே, ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன் குழுவினரும் அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கரும் அப்புரதத்தை அடக்கும் இமாட்டினிப்பை உருவாக்கிச் சோதித்தனர். போதிய அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேரின் ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியதாக 2001-இல் அறிவிக்கப்பட்டது.

பொதுப்பண்டம் தனிப்பண்டமாக மாறும் இடம் இதுதான். நோவார்டிஸ் நிறுவனம் இம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி 1998-இல் சென்னையில் விண்ணப்பித்தது. 2006-இல் அது நிராகரிக்கப்பட்டது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் சிகிச்சைத் திறனை மேம்படுத்தினால்தான் காப்புரிமை என்கிறது நமது சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவையே எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் ரூ.1.2 லட்சம், இந்திய நிறுவனங்களின் மருந்துக்குச் சுமார் ரூ.8,000 முதல் ரூ.12,000 வரை என்பதே அன்றைய நிலை. என் மாணவரின் கேள்விக்கான விடையும் அதுவே.

ஏழைகள் பலருக்கு இலவசமாக வழங்கினோம் என்று அந்நிறுவனம் கூறியது. அது உண்மை. ஆராய்ச்சிக்குச் செலவாகிறது என்ற வாதமும் பொய்யல்ல. எனினும், கொடுப்பவர் விரும்பும்வரை மட்டுமே நீடிக்கும் கொடையை நம்பி ஒருவர் ஆயுள் முழுவதும் மருந்து உண்ண முடியாது. அந்த நிறுவனம் தன் முதலீட்டை மட்டும் கணக்கில் காட்டுகிறது. ரௌலியும் ஹன்டரும் இட்ட முதல் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

வெற்றியை மிகைப்படுத்தவும் கூடாது. சிலருக்கு அப்புரதமே சற்று வடிவம் மாறி, மாத்திரைக்குப் பிடிகொடுக்காமல் போகிறது. அவர்களுக்கு அடுத்த தலைமுறை மருந்துகள் தேவை. மருந்துப் பொருள்களுக்கே காப்புரிமை தரும் ஏற்பாடு 2005-இல் நம் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. உண்மையிலேயே புதிய மூலக்கூறு ஒன்று வரும்போது 3(டி) பிரிவு துணைக்கு வராது. கட்டாய உரிமம் என்ற வழி சட்டத்தில் இருக்கிறது. புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு 2012-இல் அதைப் பயன்படுத்தினோம். அந்தத் துணிவை நமது அரசுகள் பின்னர் காட்டவில்லை என்பது என் வருத்தம்.

அந்தப் புரதத்துக்கான மரபணுச் செய்தியின் அளவை அறியும் ரத்தப் பரிசோதனைக்காக என் மாணவர் அடுத்த மாதம் புதுச்சேரி செல்கிறார். எண் உயர்ந்திருந்தால் எந்த மருந்து, என்ன விலை என்று இப்போதே என்னிடம் கேட்டு வைத்திருக்கிறார்.