வெள்ளி விலங்கு பூண்ட வேந்தர்

நோவாவின் பேழை தங்கிய இடமென மறைநூல் கூறும் அரராத்து மலைநாட்டை நாம் அறிவோம். அம்மலை தெரியும் சமவெளியில் அர்த்தக்சாத்தா என்னும் தலைநகர் அமைத்து ஆண்டவர்கள் பண்டைய ஆர்மீனிய அரசர்கள். அவர்களுள் பெருவேந்தர் திக்ரானின் புகழைப் பலரும் எழுதியுள்ளனர். அவருடைய மகன் அர்த்தவாஸ்தேயைப் பற்றி அறிந்தோர் சிலரே.

கி.மு. 55-இல் அரியணை ஏறிய இவர், கிரேக்க மொழியில் சோக நாடகங்களும் சொற்பொழிவுகளும் வரலாறுகளும் எழுதியவர். நூறாண்டுக்கு மேல் கழிந்தும் அவற்றுள் சில கிடைத்தன என்கிறார் புளூட்டார்க். இன்றோ ஒரு வரிகூட எஞ்சவில்லை!

ஏடும் எழுத்துமாக இருந்தவர் என்பதால் போர்முறை அறியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். ரோமானியத் தளபதி கிராசுஸ் பார்த்திய நாட்டின்மீது படையெடுத்தபோது, அர்த்தவாஸ்தே 6,000 குதிரை வீரர்களுடன் சென்று அவரைக் கண்டார். பார்த்தியரின் பலமே குதிரைப்படை. மலைப்பாதையில் அது பயன்படாது. ஆகவே எங்கள் நாட்டு வழியே செல்லுங்கள் என்று எடுத்துரைத்தார். கிராசுஸ் செவிசாய்க்கவில்லை. சமவெளி வழியே சென்றார். கி.மு. 53-இல் கார்ரே என்னுமிடத்தில் (ஆபிரகாம் தங்கியிருந்த காரான் நகர்தான் அது) அவர் படை சிதறியது. அந்தப் படையெடுப்பில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். கிராசுஸும் கொல்லப்பட்டார்.

இதற்குள் பார்த்திய மன்னர் ஆர்மீனியாவுக்குள்ளேயே புகுந்துவிட்டார். இரு பேரரசுகளுக்கு இடையே அகப்பட்ட நாட்டின் அரசர் வேறென்ன செய்வார்? தம் சகோதரியைப் பார்த்திய இளவரசருக்கு மணமுடித்துச் சமாதானம் செய்துகொண்டார்.

கி.மு. 36-இல் ரோமானியத் தலைவர் ஆன்டனி பார்த்தியர்மீது சென்றபோது அர்த்தவாஸ்தே துணைக்குப் போனார். போர் பாதகமானதும் தம் படையுடன் திரும்பிவிட்டார். இதை நேர்மை என்று சொல்ல இயலாதுதான். ஆனால் ஆன்டனி பழிதீர்த்த விதம் அதனினும் இழிவானது. கி.மு. 34-இல் நட்புப் பாராட்டி வரவழைத்துச் சிறைப்பிடித்தார். அரசராக இருந்தவருக்கு இரும்பு தகாது என்று வெள்ளியில் விலங்கு பூட்டினார்களாம். என்ன மரியாதை பாருங்கள்!

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில், மனைவி மக்களோடு அவரை ஊர்வலமாக நடத்திச் சென்றனர். மக்கள் கூட்டத்தின் நடுவே பொன் முலாம் பூசிய ஆசனத்தில் அரசி கிளியோபாத்ரா வீற்றிருந்தார். அவரை வணங்கும்படி கைதிகளை வற்புறுத்தினர், ஆசை காட்டினர். அவர்களோ தலை தாழ்த்தவில்லை. அரசியென விளிக்காமல் பெயர் சொல்லியே அழைத்தனர். அதற்காக அவர்கள் பட்ட துன்பத்தையும், அதனால் பெற்ற நற்பெயரையும் ரோமானிய வரலாற்றாசிரியர் தியோ காசியுஸ் குறித்து வைத்துள்ளார்.

கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் ஆன்டனி தோற்றார். அதன்பின் சிறையிலேயே அர்த்தவாஸ்தே கொல்லப்பட்டார். முன்பே தப்பிச் சென்றிருந்த மூத்த மகன் அர்த்தக்சியாஸ், பார்த்தியர் துணையோடு திரும்பி வந்து தந்தையின் அரியணையில் அமர்ந்தார்.