பாறைப் பாலையில் ஊர்திப் பயணம்

பாலை என்றவுடன் மணற்குன்றுகளே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயின், பாலைநிலம் அனைத்தும் மணல்வெளி அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றையொட்டி அமைந்துள்ள மோவாப் என்னும் சிற்றூரைச் சுற்றிச் செந்நிறப் பாறைகளே பாலையாக விரிந்து கிடக்கின்றன. நான்கு சக்கரங்களும் இயக்கம் பெறும் ஊர்திகளை அப்பாறைகளின்மேல் செலுத்துவது ஒரு தனிக் கலையாக வளர்ந்துள்ளது. வலிமையைவிட நிதானமே வெல்லும் அக்கலையின் நுட்பங்களை ஈண்டுக் காண்போம்.

பாறையும் பாதையும்

இப்பாறைகள் நவஹோ மணற்கல் எனப்படும். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகட்கு முன் காற்றால் குவிந்த மணல்மேடுகளே காலப்போக்கில் இறுகிக் கல்லாயின. இதனை அந்நாட்டார் 'வழுக்குப் பாறை' என்னும் பொருள்படும் 'ஸ்லிக்ராக்' என்ற பெயரால் அழைப்பர். இரும்பு லாடம் அடித்த குதிரைகள் இதன்மேல் வழுக்கியமையால் இப்பெயர் அமைந்தது. ஆனால் உலர்ந்த நிலையில் ரப்பர் டயருக்கு இது சிறந்த பிடிப்பைத் தருகிறது. லாடத்தை ஏமாற்றிய பாறை டயரைத் தாங்குவது வியப்பன்றோ!

1950களில் யுரேனியம் தேடி வந்தோர் இப்பகுதியில் பல கரடுமுரடான தடங்களை அமைத்தனர். 1941-இல் தொடங்கிப் படைத்துறைக்கென உருவாக்கப்பட்ட ஜீப், போருக்குப்பின் பொதுமக்கள் கைக்கும் வந்தது. 1967 முதல் ஈஸ்டர் பருவத்தில் இங்கு ஜீப் பயணவிழா நடைபெற்று வருகிறது. 'நரகத்தின் பழி' எனப் பொருள்படும் 'ஹெல்ஸ் ரிவெஞ்ச்' இங்குள்ள புகழ்பெற்ற தடங்களுள் ஒன்று. ஏறத்தாழ 10 கிலோமீட்டரே நீளமுடைய அதனைக் கடக்கச் சில மணிநேரம் தேவைப்படும்.

ஊர்தியின் அமைப்பு

பாறையில் தேவைப்படுவது வேகம் அன்று. மெதுவாகச் சுழலும் சக்கரத்தில் மிகுந்த திருகுவிசையே. இதனைத் தருவது டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பற்சக்கரப் பெட்டியிலுள்ள தாழ்நிலைக் கியர். எடுத்துக்காட்டாக, முதற் கியரின் விகிதம் 4, தாழ்நிலைக் கியரின் விகிதம் 4, அச்சின் விகிதம் 4 எனக் கொள்வோம். மூன்றையும் பெருக்கின் 64 ஆகும். அதாவது, இயந்திரம் 64 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறையே சுழலும். உராய்வால் நேரும் இழப்பு நீங்கலாக, திருகுவிசையும் அந்த அளவிற்குப் பெருகும்.

அடுத்தது டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தினும் மிகுதியாகச் சுழல இதுவே வழிசெய்கிறது. ஆனால் பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கப்பட்டால், அச்சக்கரம் வீணே சுழலும். தரையைத் தொடும் சக்கரமோ அசையாது நிற்கும். இக்குறையை நீக்க, இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் பூட்டமைப்பு உதவுகிறது.

டயரின் காற்றையும் குறைத்தல் வேண்டும். சாலையில் 35 பவுண்டு அழுத்தம் இருப்பின், பாறையில் 15 முதல் 20 பவுண்டு வரை போதும். காற்றுக் குறைந்த டயர் பாறையின் மேடுபள்ளங்களுக்கேற்ப வளைந்து, பரந்த பரப்பில் பற்றிக்கொள்ளும். சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடைத்தல் இன்றியமையாதது.

செலுத்தும் முறை

பெரிய கல் எதிர்ப்பட்டால் அதனை இரு சக்கரங்களுக்கு இடையே விட்டுச் செல்லவே புதியவர் விரும்புவர். அது பிழை. ஊர்தியின் அடிவயிற்றிலுள்ள உறுப்புகள் அக்கல்லில் மோதும். சக்கரத்தையே கல்லின்மேல் ஏற்றினால் ஊர்தியும் உடன் உயர்ந்து கடக்கும். கடினமான இடங்களில் ஒருவர் இறங்கி முன்நின்று கையசைவால் வழிகாட்டுவார். வழிகாட்டுபவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். பலர் கைகாட்டினால் குழப்பமே மிஞ்சும்.

செங்குத்தான ஏற்றத்தில் ஊர்தி நின்றுவிட்டால் திருப்ப முயல்வது உயிருக்கே இறுதியாகலாம். சரிவில் குறுக்காக நிற்கும் ஊர்தி உருண்டு கவிழும். பின்கியரில் வந்தவழியே நேராக இறங்குவதே அறிவுடைமை. இறக்கத்திலும் தாழ்நிலை முதற் கியரில், இயந்திரத்தின் தடுப்பாற்றலைக்கொண்டு நேராகவே இறங்குதல் வேண்டும்.

காக்க வேண்டிய மண்

இத்துணை வன்மையான பாறையின் அருகிலேயே மிக மென்மையான உயிருலகம் ஒன்று உள்ளது. நீலப்பசும் பாக்டீரியாக்கள், லைக்கன்கள், பாசிகள் ஆகியவை கூடி மணல்மேல் கருநிற மேலோடாகப் படர்ந்துள்ளன. அம்மேலோடு மண்ணைக் காற்று வாரிச்செல்லாமல் பிணைக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்குகிறது. ஒரு டயர் அதன்மேல் ஒருமுறை ஏறினால் போதும். சிதைந்த மேலோடு மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறைக்குழிகளில் தேங்கும் மழைநீரிலும் சிற்றுயிரிகள் வாழ்கின்றன. நீர் வற்றியபின்னும் அவற்றின் முட்டைகள் அடுத்த மழைக்காகக் காத்துக்கிடக்கும்.

ஆதலின், குறிக்கப்பட்ட தடத்தைவிட்டு விலகாமையே இக்கலையின் முதல் ஒழுக்கமாகும். ஏற முடியாத பாறையைக் கண்டு திரும்புபவர் தோற்றவராகார். தடத்தைவிட்டு விலகிக் குறுக்குவழி தேடுபவரோ, சில நிமிடங்களை மிச்சப்படுத்தப் பல ஆண்டுகளின் விளைவை அழிப்பவராவார். ஊர்தியைச் செலுத்தத் தெரிந்தவர் பலர். எங்கு நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரே தேர்ந்த ஓட்டுநர்.