ஓர் ஓபரா நிறுவனத்தின் கணக்கேடு

இசை, நாடகம், நடனம் முதலிய அரங்கக் கலைகளை நடத்தும் அறநிறுவனம் ஒன்றுக்குப் பணம் கொடுக்க முன்வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, அந்தப் பணத்தில் எத்தனை விழுக்காடு நிர்வாகச் செலவுக்குப் போகிறது என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆயினும் ஒரு கலை நிறுவனம் உள்ளுக்குள் நலிந்து வருவதை அந்த விழுக்காடு எளிதில் வெளிக்காட்டுவதில்லை. அதைக் காட்டும் பக்கங்கள் கணக்கேட்டில் வேறிடத்தில் உள்ளன. 2013 அக்டோபரில் திவால் மனு அளித்த நியூயார்க் சிட்டி ஓபராவின் வரலாறு, அந்தப் பக்கங்கள் எவை என்பதை வேறெந்த எடுத்துக்காட்டையும் விடத் தெளிவாக உணர்த்துகிறது.

ஓபரா என்பது கதையைப் பெரும்பாலும் பாட்டாலேயே நடத்திச் செல்லும் இசை நாடகம். தனிப் பாடகர், கூட்டுப் பாடகர், வாத்தியக் குழுவினர், அரங்கமைப்போர், உடை தைப்போர் என்று பெருங்கூட்டத்தின் உழைப்பு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேவைப்படுவதால், டிக்கெட் வரவு மட்டும் அதன் செலவுக்குக் கட்டுவதில்லை. இதற்கான காரணத்தை வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் 1966இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். ஆலையில் இயந்திரம் மேம்பட மேம்பட ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருள்கள் பெருகுகின்றன. ஆனால் நால்வர் வாசிப்பதற்கென்று இயற்றப்பட்ட இசையை இன்றும் நால்வரே, ஏறத்தாழ அதே நேரம் எடுத்துத்தான் வாசிக்க வேண்டும். பிற தொழில்களில் கூலி உயரும்போது இசைக் கலைஞருக்கும் உயர்த்தியாக வேண்டியிருப்பதால், அரங்கக் கலையின் செலவு ஆண்டுதோறும் வரவை விட வேகமாக ஏறுகிறது. ஆகவே டிக்கெட் வருமானத்துக்கும் செலவுக்கும் இடையே துண்டு விழுவதை மட்டும் வைத்து ஒரு கலை நிறுவனத்தைக் குறைகூற முடியாது. அந்தத் துண்டை எதைக் கொண்டு அடைக்கிறார்கள் என்பதைத்தான் கணக்கில் தேட வேண்டும்.

1944 பிப்ரவரியில் தன் முதல் நாடகத்தை அரங்கேற்றிய சிட்டி ஓபரா, எளிய மக்களுக்கும் எட்டும் விலையில் ஓபராவைத் தருவதற்கென்றே தோன்றியது. அந்நகர மேயர் லா கார்டியா அதனை மக்களின் ஓபரா என்று போற்றினார். பாடகி பெவர்லி சில்ஸ் புகழ் பெற்றதும், பாடகர் பிளாசிடோ டொமிங்கோ இளமையில் பாடியதும் அங்கேதான். பிற மொழிப் பாடல் வரிகளின் பொருளை மேடைக்கு மேலே ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும் முறையை அமெரிக்காவில் முதன்முதலில் 1983இல் கையாண்ட ஓபரா நிறுவனமும் அதுவே. இத்தகைய நிறுவனம் மூடப்பட்டது ஒரு நகரத்தின் கலை வாழ்வுக்கு நேர்ந்த உண்மையான இழப்பு.

அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்கள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குப் படிவம் 990 என்ற விரிவான அறிக்கையை அளிக்க வேண்டும். வழிபாட்டு அமைப்புகள் போன்ற சில வகைகளுக்கு விலக்கும், சிறிய அமைப்புகளுக்குச் சுருக்கப் படிவமும் உண்டு. தனிமனிதரின் வரிக்கணக்கைப் போல் இது மறைவானதன்று. யார் கேட்டாலும் கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களை நிறுவனம் காட்டியாக வேண்டும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் இவற்றைத் திரட்டி இணையத்தில் இலவசமாகவும் வைத்துள்ளது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் படிவம் அளிக்கத் தவறினால் வரிவிலக்கு தானாகவே பறிபோகும்.

இப்படிவம் செலவுகளை மூன்று பத்திகளாகப் பிரிக்கிறது: நிறுவனத்தின் நோக்கத்துக்கான செலவு, நிர்வாகச் செலவு, நன்கொடை திரட்டும் செலவு. மொத்தச் செலவில் 65 விழுக்காடாவது நோக்கத்துக்குப் போக வேண்டும் என்பது, அறநிறுவனங்களை மதிப்பிடும் பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் வகுத்துள்ள அளவுகோல்களுள் ஒன்று. ஆனால் அதே அமைப்பும், கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் ஆகியவையும் 2013 ஜூனில் கூட்டாக ஒரு திறந்த மடல் எழுதி, நிர்வாகச் செலவின் விழுக்காட்டை மட்டும் கொண்டு எந்த நிறுவனத்தையும் எடை போடலாகாது என்று கொடையாளர்களைக் கேட்டுக்கொண்டன. மேலாளரின் சம்பளத்தில் எவ்வளவு நிகழ்ச்சிக்கு உரியது, எவ்வளவு அலுவலகத்துக்கு உரியது என்று பிரிப்பதில் நிறுவனத்தின் கணிப்புக்கு நிறைய இடம் உண்டு என்பதையும், கணக்காளரைக் குறைத்தால் விழுக்காடு அழகாகத் தெரிந்தாலும் கணக்கு சீர்கெடும் என்பதையும் எண்ணினால், அந்த மடலின் நியாயம் விளங்கும்.

உண்மை நிலையைச் சொல்வது இருப்புநிலைக் குறிப்பு, அதாவது ஆண்டின் கடைசி நாளில் நிறுவனத்திடம் என்ன இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது என்ற பட்டியல். சொத்திலிருந்து கடனைக் கழித்தால் கிடைப்பது நிகரச் சொத்து. அதைக் கொடையாளர் நிபந்தனை உள்ளது, இல்லாதது என்று இரண்டாகப் பிரித்தே காட்ட வேண்டும். நிபந்தனைக்கு உட்பட்டதில் முதன்மையானது மூலநிதி: முதலைத் தொடாமல் முதலீடு செய்து, அதன் ஈட்டத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு சிறு பங்கை மட்டும் செலவிட வேண்டும் என்று கொடுக்கப்பட்ட பணம். நிகரச் சொத்து பெருந்தொகையாகத் தெரிந்தாலும், அது முழுவதும் மூலநிதியாகவோ கட்டடமாகவோ இருந்தால், வாத்தியக் குழுவின் அடுத்த மாதச் சம்பளத்துக்கு அதிலிருந்து விரும்பியபடி எடுக்க இயலாது. எனவே நிபந்தனையற்ற பகுதி ஆண்டுக்காண்டு தேய்கிறதா, எதிர்மறையாகவே போய்விட்டதா என்று பார்ப்பது விழுக்காட்டைப் பார்ப்பதை விடப் பன்மடங்கு பயனுடையது.

சிட்டி ஓபராவில் நிகழ்ந்தது இதுதான். பல ஆண்டுகளாகப் பற்றாக்குறையில் இருந்த அந்நிறுவனத்தின் அரங்கம் 2008-09 பருவத்தில் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட, டிக்கெட் வரவு ஏறத்தாழ நின்றது. நிலையான செலவுகளோ நிற்கவில்லை. புதிய இயக்குநராக அமர்த்தப்பட்டிருந்த ஜெரார்ட் மோர்ட்டியே, தமக்கு வாக்களிக்கப்பட்ட நிதி பெரிதும் குறைக்கப்பட்டதால் 2008 நவம்பரில் விலகினார். நிர்வாகக் குழு, சட்டப்படி பெற வேண்டிய அனுமதியைப் பெற்று, மூலநிதியிலிருந்து சுமார் 2.4 கோடி டாலரை எடுத்துக் கடனையும் நடப்புச் செலவையும் சமாளித்தது. விதைநெல்லைக் குத்திச் சமைத்த குடும்பத்தின் நிலைக்கு நிறுவனம் வந்தது: முதல் குறைந்ததால் ஈட்டம் குறைந்தது, ஈட்டம் குறைந்ததால் நிகழ்ச்சிகள் குறைந்தன, நிகழ்ச்சிகள் குறைந்ததால் கொடையாளரும் டிக்கெட் வாங்குவோரும் விலகினர். 2011இல் தன் அரங்கம் இருந்த லிங்கன் சென்டர் வளாகத்தை விட்டு வெளியேறியது. 2013 செப்டம்பர் முடிவதற்குள் 70 லட்சம் டாலர் வேண்டும் என்று அறிவித்து, அதில் 10 லட்சத்தைக் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளம் வழியாகப் பொதுமக்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 3 லட்சத்துக்கே உறுதிமொழி கிடைத்தது. இலக்கை எட்டாத வேண்டுகோளுக்கு அத்தளம் பணமே வழங்காது என்பதால் அதுவும் கைக்கு வரவில்லை. 2016இல் அதே பெயர் வேறு நிர்வாகத்தின் கீழ் மீட்கப்பட்டது.

இந்தச் சரிவு திடீரென்று வந்ததன்று என்பதைத்தான் கொடையாளர் கருத வேண்டும். படிவம் 990இன் ‘டி’ இணைப்பில் மூலநிதிக்கென்றே ஒரு சிறு அட்டவணை உண்டு. நடப்பாண்டும் முந்தைய நான்கு ஆண்டுகளும் அருகருகே ஐந்து பத்திகளில் நிற்க, ஒவ்வொன்றிலும் தொடக்க இருப்பு, புதிய கொடை, முதலீட்டு ஈட்டம் அல்லது இழப்பு, எடுத்துச் செலவிட்டது, இறுதி இருப்பு ஆகியவை மேலிருந்து கீழாக வரும். கணக்கியல் படிக்காத ஒருவரும் கடைசி வரியை மட்டும் ஒப்பிட்டு, நிதி கரைகிறதா என்று கண்டுகொள்ளலாம்; எடுத்த தொகை ஈட்டத்தை மீறி ஆண்டுதோறும் தொடர்ந்தால் முதலிலேயே கைவைக்கப்படுகிறது என்று பொருள். நியூயார்க் மாநிலம் 2010இல் இயற்றிய சட்டமும், அதன்பின் தரப்படும் மூலநிதிக் கொடைகளில் ஓராண்டில் 7 விழுக்காட்டுக்கு மேல் எடுப்பதை, மாறாக நிறுவப்படாத வரை, பொறுப்பற்ற செயலாகவே கொள்கிறது.

வெளிப்படைத்தன்மைக்கு இதே படிவத்தில் வேறு பகுதிகள் உள்ளன. ஆறாம் பகுதி, நிர்வாகக் குழுவில் சார்பற்றவர் எத்தனை பேர், சொந்த நலன் குறுக்கிடுவதைத் தடுக்கும் எழுத்துப்பூர்வ விதி உண்டா, பெரிய அளவில் சொத்து திசைதிருப்பப்பட்டது தெரியவந்ததா என்று நேரடியாகக் கேட்கிறது. ஏழாம் பகுதி உயர் அலுவலரின் ஊதியத்தைப் பெயருடன் தருகிறது. நிறுவனத்துக்கும் அதன் பொறுப்பாளர்களுக்கும் இடையிலான கடன், வணிகம் ஆகியவை ‘எல்’ இணைப்பில் வரும். கலை உலகில் நிறுவனரே இயக்குநராகவும் இருப்பது வழக்கமாதலால் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். நிதி திரட்ட நடத்தும் விருந்தின் வரவும் செலவும் ‘ஜி’ இணைப்பில் இருக்கும். ஆடம்பர விருந்துக்குப் பின் உண்மையில் எவ்வளவு மிஞ்சியது என்பது அங்கே தெரியும்.

இந்த ஏற்பாட்டிலும் இரண்டு குறைகள் உண்டு. நிதியாண்டு முடிந்து ஐந்தாம் மாதத்தில் தர வேண்டிய படிவத்துக்கு மேலும் ஆறு மாத அவகாசம் பெறலாம் என்பதால், கொடையாளர் படிப்பது பெரும்பாலும் பழைய செய்தி. மற்றொன்று, ஆண்டு வரவு 50,000 டாலருக்கு மேற்படாத அமைப்புகள் பெயர், முகவரி போன்ற சில விவரங்கள் மட்டும் கொண்ட சுருக்கப் படிவத்தை அளித்தால் போதும். அதில் வரவு செலவே இராது. அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்றுள்ள தமிழ்ச் சங்கங்களிலும் இசை விழாக் குழுக்களிலும் சிறியவை இந்த வகையில்தான் அடங்கும். அங்கே ஆண்டுப் பொதுக்குழுவில் வாசிக்கப்படும் வரவு செலவு அறிக்கையே உறுப்பினருக்கு எட்டும் ஆவணம் என்பதால், அதில் விழாச் செலவோடு வங்கி இருப்பும், குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வந்த கொடையில் செலவாகாமல் நிற்கும் தொகையும் தனித்தனி வரிகளாக எழுதப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.