முசிறித் துறையில் நறுமணமும் கண்மையும்: ஓர் இருவழி வணிகம்

முன்னுரை

பண்டைய உலகில் நறுமணப் பொருள்களும் ஒப்பனைப் பொருள்களும் அளவிற் சிறியனவாகவும் விலையிற் பெரியனவாகவும் இருந்தன. ஆகவே அவை நெடுந்தொலைவுக் கடல் வணிகத்திற்கு மிகவும் ஏற்றவையாயின. யவன வணிகம் பற்றிய எழுத்துகளில் முசிறி பெரும்பாலும் தன் நாட்டு விளைபொருளை அனுப்பிப் பொன்னைப் பெற்ற துறைமுகமாகவே காட்டப்படுகிறது. மிளகைப் பொறுத்தவரை இக்கூற்றுப் பொருந்தும். நறுமணப் பொருள்களையும் ஒப்பனைப் பொருள்களையும் தனியே எடுத்து நோக்கின், முசிறியின் பணி இதனினும் விரிவானது என்பது புலனாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலை உலகின் நறுநெய்கள்

இன்றைய வாசனை நீர்கள் பெரும்பாலும் சாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை. கிரேக்கரும் உரோமானியரும் அறிந்தவை எண்ணெயில் மணப்பொருள்களை ஊறவைத்துச் செய்த நறுநெய்கள். அரிஸ்டாட்டிலின் மாணாக்கரான தியோஃபிராஸ்டஸ் மணங்களைக் குறித்துத் தனிநூலே இயற்றினார். எவ்வெண்ணெய் எம்மணத்தை ஏற்கும், எது நெடுநாள் நிலைக்கும் என்பனவற்றை அந்நூல் ஆராய்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி தம் இயற்கை வரலாற்றில் இப்பொருள்களின் விலைகளையும் தருகிறார். சடாமாஞ்சில் கதிர் ஓர் இராத்தல் 100 தெனாரியஸ். சில நறுநெய்கள் இராத்தலுக்கு 400 தெனாரியஸுக்கும் மேல். முத்தும் மணியும் வாரிசுகளைச் சென்றடையும். நறுநெய்யோ பூசிய பொழுதிலேயே மறைந்துவிடும். பூசியவரும் அம்மணத்தை உணர்வதில்லை என்று அவர் குறைபடுகிறார். இந்தியாவும் சீனரும் அரேபியாவும் ஆண்டுதோறும் பேரரசிலிருந்து 10 கோடி செஸ்டர்ஸைக் கவர்ந்து செல்வதாக அவர் கணக்கிடுவதும் நறுமணப் பொருள்களைப் பற்றிப் பேசும் இடத்திலேயே ஆகும்.

முசிறியிலிருந்து சென்றவை

ஏறத்தாழ அதே காலத்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ்’ என்னும் வணிகக் கையேடு, முசிறி, நெல்கிந்தா ஆகிய துறைகளின் ஏற்றுமதிகளுள் மிளகு, முத்து, தந்தம் ஆகியவற்றோடு கங்கைச் சடாமாஞ்சிலையும் ‘மலபத்ரம்’ என்ற நறுமண இலையையும் குறிப்பிடுகிறது. இவ்விரண்டும் சேரநாட்டு விளைபொருள்கள் அல்ல. சடாமாஞ்சில் இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் வளர்வது. மலபத்ரம், வடமொழியில் தமாலபத்ரம் எனப்படும் இலவங்கப் பத்திரி. அது சீன எல்லையை ஒட்டி வாழும் மக்களிடமிருந்து பெறப்படுவதாக அக்கையேடே விவரிக்கிறது. கிழக்குக் கரைத் துறைகளிலிருந்து கங்கைக்குச் செல்லும் மிகப் பெரிய கலங்களைப் பற்றிய குறிப்பும் அதில் உண்டு. வடக்கின் நறுமணம் தெற்கின் துறைகளை அடைந்த வழிகளுள் ஒன்று இதனால் விளங்குகிறது.

வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் இவ்வணிகத்தின் அளவை உணர்த்துகிறது. 1985இல் பதிப்பிக்கப்பட்ட இவ்வாவணத்தில், முசிறி வணிகத்திற்கான கடனுடன்படிக்கை ஒருபுறமும் ‘ஹெர்மபொல்லோன்’ என்னும் கலத்தின் சரக்குக் கணக்கு மறுபுறமும் உள்ளன. அக்கணக்கில் கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டிகள் இடம்பெறுகின்றன. பெட்டி ஒன்றுக்கு 4,500 திராக்மா வீதம் அவற்றின் மதிப்பு 45 தாலந்து. அலெக்சாந்திரியாவில் இத்தகைய சரக்கின் நாலில் ஒரு பங்கு சுங்கமாகக் கொள்ளப்பட்டது.

முசிறிக்கு வந்தவை

அதே கையேடு முசிறியின் இறக்குமதிப் பட்டியலில் ‘ஸ்டிம்மி’, மனோசிலை, அரிதாரம் ஆகியவற்றைச் சேர்க்கிறது. ஸ்டிம்மி என்பது கண்ணுக்குத் தீட்டும் மைக்குரிய கனிமம். அகராதிகள் இதனை அஞ்சனக்கல் எனப் பொருள்கொள்கின்றன. எனினும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் எகிப்திய மைச்சிமிழ்களில் எஞ்சியிருந்த பொடியை ஆராய்ந்து 1999இல் வெளியிடப்பட்ட வேதியியல் முடிவுகள், அதில் ஈயச் சேர்மங்களே மிகுந்திருப்பதையும் அவற்றுட் சில செயற்கையாக ஆக்கப்பட்டவை என்பதையும் காட்டின. எனவே பழைய கனிமப் பெயரொன்றை இன்றைய வேதியியற் பெயரோடு அப்படியே பொருத்துதல் தகாது.

மனோசிலை செந்நிறமும் அரிதாரம் மஞ்சள் நிறமும் தருவன. இரண்டும் நஞ்சுடைய பாடாணங்கள். இவை மருந்துக்கும் ஓவியத்திற்கும் பயன்பட்டவை. அரிதாரம் என்னும் சொல் இன்று கூத்தரின் முகப்பூச்சையே குறிப்பது, ஒப்பனையோடு அப்பொருளுக்குள்ள தொடர்பின் எச்சமாகும். வடக்கே பரிகாசாத் துறைக்கு மேலை நாட்டு நறுநெய்யும் இறங்கியது. வணிகத்திற்குச் சிறிதளவில் விலை குறைந்ததும், அரசனுக்கென உயர்ந்ததும் வந்தன.

சந்தனமும் அகிலும் குடமலையிலிருந்து புகாருக்கு வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. வண்ணக் குழம்பும் சுண்ணமும் சாந்தும் பூவும் நறும்புகைப் பொருள்களும் விற்போர் திரிந்த புகார் வீதியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. தமிழக நகரங்களே இப்பொருள்களை விரும்பி நுகர்ந்த பெருஞ்சந்தைகளாக விளங்கின.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், முசிறி இமயத்தின் வேரையும் கீழ்த்திசை இலையையும் மேற்கே அனுப்பி, மேற்கின் கண்மைக் கனிமத்தையும் வண்ணக் கனிமங்களையும் ஏற்ற கூட்டுச் சந்தை என்பது தெளிவாகிறது. பட்டியலில் உள்ள அனைத்தையும் தமிழ் மண்ணின் விளைவாக உரிமை கொண்டாடுவது சான்றுக்கு முரணானது. அத்துறையின் உண்மைப் பெருமையையும் அது மறைத்துவிடுகிறது. தொலைநாட்டுப் பொருள்களைத் திரட்டவும் மதிப்பிடவும் கைமாற்றவும் வல்ல வணிக அறிவே அப்பெருமை. ஏற்றுமதிப் பட்டியலோடு இறக்குமதிப் பட்டியலையும் இணைத்துப் பயிலும்போதே அவ்வறிவின் முழு அளவு புலப்படும்.