கம்ப்யூட்டர் குளத்தில் கல் எறிவோமா?



குளத்தில் கல்லைப் போட்டால் வட்ட வட்டமாக அலை வரும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக் கண்காட்சிக்காக அதையே கம்ப்யூட்டரில் வரவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஸ்க்ராட்ச் மென்பொருளில் ஒரு வட்டம் வரைந்து, அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஓட்டிப் பார்த்தால் தண்ணி மாதிரியே இல்லை. சைக்கிள் டியூபுக்குக் காற்று அடிக்கிற மாதிரி இருந்தது! தோழிகள் ஒரே சிரிப்பு.

அன்று சாயங்காலம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கல்லைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மூன்று விஷயம் புரிந்தது.

1. வட்டம் ஒன்று அல்ல. ஒன்றன் பின் ஒன்றாகப் பல வருகின்றன.

2. வெளியே போகப் போக மங்குகின்றன. ஏன் தெரியுமா? கல் கொடுத்த ஆற்றல் கொஞ்சம்தான். வட்டம் பெரிதாகப் பெரிதாக அந்த ஆற்றல் நீளமான சுற்றளவில் பரவ வேண்டும். பந்தியில் ஆள் கூடக் கூட, இருக்கிற பாயசம் ஆளுக்குக் கொஞ்சமாகத்தானே வரும்!

3. நேர் மேலிருந்து பார்த்தால்தான் வட்டம். கரையில் நின்று பார்த்தால் நீள்வட்டம்.

செய்முறை

* மேடையின் பின்னணிக்கு நீல வண்ணம் கொடுங்கள். ஸ்க்ராட்ச் மேடையின் அளவு அகலம் 480, உயரம் 360.

* புது ஸ்பிரைட்டில், உள்ளே வண்ணம் நிரப்பாமல், மெல்லிய வெள்ளைக் கோட்டால் பெரிய நீள்வட்டம் வரையுங்கள். சின்னதாக வரைந்து பெரிதாக்கினால் கோடும் சேர்ந்து தடித்துவிடும். என் 'டியூப்' ரகசியம் இதுதான்!

* நீள்வட்டம் வரைபலகையின் நடுக்குறியில் சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வளரும்போது ஒரு பக்கமாக நகர்ந்து ஓடும்.

* பச்சைக் கொடியை அழுத்தியதும் ஸ்பிரைட் மறைய வேண்டும். அளவு 10 சதவீதம். பிறகு ஃபாரெவர் கட்டைக்குள்: மவுஸ் அழுத்தப்படும்வரை காத்திரு, மவுஸ் இருக்கும் இடத்துக்குப் போ, 4 முறை குளோன் செய், ஒவ்வொன்றுக்கும் நடுவே 0.3 விநாடி காத்திரு.

* ஒவ்வொரு குளோனும் பிறந்ததும்: தோன்று, 50 முறை, அளவை 2 கூட்டு, கோஸ்ட் எஃபெக்டை 2 கூட்டு, கடைசியில் குளோனை அழித்துவிடு.

கோஸ்ட் என்பது உருவத்தை மங்கவைக்கும் வசதி. 0 என்றால் முழுதாகத் தெரியும், 100 என்றால் சுத்தமாகத் தெரியாது. 50 தடவை 2 கூட்டினால் 100 ஆகிவிடும். கணக்கு சரியா?

கவனம்! குளோனை அழிக்கும் கட்டையை நான் முதலில் விட்டுட்டேன். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவை உள்ளேயே இருக்கும். ஸ்க்ராட்சில் ஒரே நேரத்தில் 300 குளோன்தான் இருக்க முடியும். ஒரு கல்லுக்கு 4 என்றால் 75 கல்லோடு சரி. அதற்குமேல் எத்தனை அழுத்தினாலும் அலையே வரவில்லை!

படகு படுத்திய பாடு

அலை நன்றாக வந்ததும் ஒரு காகிதப் படகையும் மிதக்கவிட்டேன். அலை வந்து தொட்டதும் படகு அதோடு சேர்ந்து கரைக்குப் போகும்படி செய்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். இயற்பியல் சார் மட்டும், "ஏம்மா, அலை போனா தண்ணியும் கூடவே போகுமா? வீட்டுல ஒரு இலையைப் போட்டுப் பாரு" என்றார்.

மறுபடியும் தொட்டிக்கே போனேன். ஒரு வேப்பிலையை மிதக்கவிட்டுத் தள்ளிக் கல்லைப் போட்டேன். அலைகள் ஓரம்வரை போய்விட்டன. இலையோ இருந்த இடத்திலேயே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது! பயணம் போவது ஆற்றல், தண்ணீர் அல்ல. பாடத்தில் இதைப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் படகு செய்யும்போது எனக்கு ஞாபகமே வரவில்லை.

படகின் நிரலைத் திருத்தினேன். இப்போது 4 அலைக்கு 4 முறை, ஒய் மதிப்பை 3 கூட்டி 3 குறைக்கிறது. அவ்வளவுதான். கை தட்டல் குறைந்தது, ஆனால் சார், "இப்பதான் தண்ணி" என்றார்!

நண்பர்களே, ஸ்க்ராட்ச் இலவச மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவாகி 2007-ல் வெளிவந்தது. ஒரு முறை நிறுவிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் மவுஸைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு இலையையும் பாருங்கள்!

— 9-ஆம் வகுப்பு மாணவி