நிலம் கொடுத்த பணம் எங்கே பத்திரம்?

நாற்கரச் சாலைக்கு நிலம் எடுக்கப்படும்போது, வாழ்நாளில் கண்டிராத தொகை சிறு விவசாயிக்கு ஒரே தடவையில் வருகிறது. 12 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடன் அடைத்தது, கறவை மாடு வாங்கியது போக மீதியை எங்கே போடுவது?

வங்கியில் போட்டால் அத்தனையும் பத்திரம் என்பது ஊர்ப் பேச்சு. அது பாதிதான் சரி. வங்கி நொடித்துப் போனால், ரிசர்வ் வங்கியைச் சேர்ந்த டெபாசிட் இன்சூரன்ஸ் கழகம் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் கொடுக்கும். வட்டியும் அதில் அடக்கம். 1993 முதல் 1 லட்சமாக இருந்த வரம்பு 2020 பிப்ரவரியில்தான் இந்த அளவுக்கு உயர்ந்தது. பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது.

ஒரே வங்கியின் கோபி கிளையில் 5 லட்சம், சத்தியமங்கலம் கிளையில் 5 லட்சம் என்று பிரிப்பதில் பயனில்லை. கிளைகள் எல்லாம் சேர்த்து ஒரே கணக்குதான். வெவ்வேறு வங்கிகளில் போட்டால் ஒவ்வொன்றிலும் தனிக் காப்பு உண்டு. மனைவி பெயரில் போடுவதற்கும் அப்படியே. வட்டிக்கு இடம் விட்டு, நாலரை லட்சத்தோடு நிறுத்துவது நலம்.

பலர் அறியாத விஷயம் ஒன்று. உள்ளூர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க டெபாசிட்டுக்கு இந்த இன்சூரன்ஸ் கிடையாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு. உரத்துக்கும் பயிர்க்கடனுக்கும் சங்கம் வேண்டியதுதான். அதற்காக நிலத்தின் விலை முழுவதையும் அங்கே வைக்க வேண்டுமா?

இன்சூரன்ஸ் உள்ள வங்கிக் கிளைகளில் அதுபற்றிய அறிவிப்புத் தாள் வைக்கப்பட வேண்டும். கண்ணில் படாவிட்டால், பணம் கட்டுமுன் மேனேஜரிடமே கேட்டுவிடலாம்.